மேடில்லாத ஊரில் மலை சைக்கிள்

மேடே இல்லாத ஊரில் இருந்துகொண்டு மலை ஏறுகிற சைக்கிள் ஒன்றை வாங்கியவன் நான். முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பின்னால் வேறு யாராவது எடுத்துச் சொல்லி நான் அசடு வழிவதைவிட நானே வழிந்துவிடுவது மேல். பழவேற்காட்டிலிருந்து கடல்வரைக்கும் எங்கள் தரை தோசைக்கல் மாதிரி. கிளிஞ்சலைக் குவித்த மேடு ஒன்று உண்டு, அதன்மேல் எப்போதும் ஒரு நாய் படுத்திருக்கும். அதை விட்டால் ஏரிக்குக் குறுக்கே போட்ட பாலம். எங்கள் குப்பத்திலிருந்து ஊருக்குள் போக வேண்டுமானால் அதில் ஏறி இறங்கியாக வேண்டும். நான் வாங்கிய சைக்கிளுக்கு இருபத்தொரு கியர். அதில் இருபதுக்கு எங்கள் ஊரில் வேலை கிடையாது. மிச்சமிருந்த ஒன்றுக்கும் நான் தகுந்த ஆள் இல்லை என்பது பாலத்தில் ஏறும்போது தெரிந்தது.

வாங்கியதற்குக் காரணம் என் சகலை. என் மனைவியின் தங்கையைக் கட்டியவன். அவனும் எங்கள் குப்பம்தான், என் வயதுதான். மீசை முளைத்த காலத்தில் இரண்டு பேரும் ஒரே படகில் போனோம். படகு துறையை விட்டு நகர்வதற்குள்ளேயே அவன் முகம் வெளுத்துவிடும். கொஞ்சம் அலை ஆடினால் போதும், குனிந்துவிடுவான். மீனைப் பிடித்ததைவிட மீனுக்குத் தீனி போட்டதுதான் அதிகம். எனக்கு அவனைப் பார்த்தால் அவ்வளவு பாவமாக இருக்கும். பாவப்படுவதில் ஒரு சுகம் உண்டு, அனுபவித்தவர்களுக்குத் தெரியும். அந்தச் சுகத்தைப் பல வருடம் இலவசமாகக் கொடுத்தவன் அவன்.

பிறகு அவன் வெல்டிங் கற்றுக்கொண்டான். மீஞ்சூர் பக்கம் ஒரு கம்பெனி, அங்கிருந்து வேறொரு கம்பெனி, கடைசியில் ஜெர்மனியில் ஆற்றங்கரையில் படகு பழுதுபார்க்கும் பட்டறை. மனைவியோடு போய்ச் சேர்ந்துவிட்டான். நாம் பாவப்பட்டுக்கொண்டிருந்த ஆள் நம்மைத் தாண்டிப் போவதுபோல ஒரு நஷ்டம் வேறில்லை. அதற்கு நிவாரணமும் கிடையாது, புயலுக்குக்கூடக் கொடுப்பார்கள்.

அதோடு விட்டானா என்றால், இல்லை. ஞாயிற்றுக்கிழமையானால் மலை சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவான். தலைக்கவசத்தில் கேமரா. ஓட்டியதையெல்லாம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவான். நடுவில் ஆறு, பச்சைப் பட்டைத் துணியை உதறிப் போட்டதுபோல வளைந்து வளைந்து போகும். இரண்டு பக்கமும் மலை. மலைச்சரிவெல்லாம் வரிசை வரிசையாகத் திராட்சைக் கொடி. அதற்குமேல் காடு, காட்டுக்குள் ஒற்றையடிப் பாதை, பாதையெல்லாம் வேரும் கல்லும். அவன் பெடலின்மேல் எழுந்து நின்றபடி அந்த வேர்களின்மேல் தடதடவென்று இறங்குவான். பாதை திரும்பியதும் கீழே ஒரு கிராமம் வரும். கோட்டைச் சுவர், அதில் ஒரு வாசல், வாசலுக்குள் கருங்கல் பாவிய சந்து, சாய்ந்து ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு நிற்கும் மரச்சட்ட வீடுகள். "இந்த வூடு எழுநூறு வருசம் சகல" என்று அவன் குரல் வரும். எழுநூறு வருட வீட்டின் சன்னலில் சிவப்புப் பூத்தொட்டி. உள்ளேயிருந்து ஒரு கிழவர் கையாட்டுவார்.

கேமரா தலையில் இருப்பதால் அவன் முகம் மட்டும் தெரியாது. தெரிந்தால் வாய் பிளந்து மூச்சு வாங்குவதையாவது பார்த்து ஆறுதல் அடைந்திருப்பேன்.

என் மனைவி அந்த வீடியோக்களை டிவியில் போட்டுப் பார்ப்பாள். ஒருநாள் சொன்னாள்:

"பாருயா, எவ்ளோ செங்குத்தா கீது. எறங்கவே இல்ல அவரு."

"கியர் வண்டி. அதுவே ஏறும்" என்றேன்.

"வண்டி ஏறும், கூடவே கால் ஒண்ணு மிதிக்கணும்ல."

என் வேட்டியைத் தாண்டித் தெரிந்த காலை ஒருமுறை பார்த்தாள். சொல்லவில்லை, பார்த்தாள். பத்து வார்த்தை திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

நான் சும்மா இருக்கவில்லை. அவன் கிராமத்துக்குப் பதிலடியாக எங்கள் ஊர் டச்சுக் கல்லறையைப் படம் எடுத்துப் போட்டேன். வாசலில் எலும்புக்கூடு செதுக்கிய கல், உள்ளே கோபுரம் வைத்த சமாதிகள், எல்லாம் இருக்கிறது. அவன் ஊரில் பழைய வீட்டுக்காரர் கையாட்டுகிறார், எங்கள் ஊரில் பழைய வீட்டுக்காரர்கள் அந்த நிலையில் இல்லை. மற்றபடி என்ன குறை? குழுவில் ஒரே ஒரு பதில் வந்தது, மச்சினியிடமிருந்து: "மாமா, அங்க பாம்பு இருக்கும், பாத்து."

அந்த வாரம்தான் மீஞ்சூரில் வேலையை விட்டு ஊருக்குப் போகும் ஒருவரிடமிருந்து சைக்கிளை வாங்கி வந்தேன். தடித்த டயர், முன்னால் இரண்டு பக்கமும் ஷாக் அப்சர்பர். விடிந்தும் விடியாமலும் பாலத்தில் பழகினேன். மூன்றாவது விளக்குக் கம்பம்வரைக்கும் மலைவீரன். அதற்குமேல் இறங்கித் தள்ளுவேன். பாலத்தின் ஓரமாக மீன் கூடையோடு நடந்து போகும் பெண்கள் என்னைவிட வேகமாகப் போனார்கள். "இன்னாண்ணா, அவ்ளோ தடி டயர் போட்டும் தள்ளினுதான் போறியா?" என்று ஒருத்தி கேட்டாள். அக்கறையாகத்தான் கேட்டாள், அதுதான் வலித்தது.

ஊருக்குள் டீக்கடை பாய் சைக்கிளைச் சுற்றி வந்து பார்த்தார். கியரை விரலால் தட்டினார்.

"ஏம்பா, மீன் புடிக்கிறவன் மலை ஏறி இன்னா புடிக்கப் போற?"

"உடம்புக்கு நல்லது பாய்."

"உன் சகலை எப்ப வரான்?"

"அடுத்த மாசம்."

"அதான பாத்தேன்" என்று டீயை ஆற்றினார்.

அவன் வந்தான். மனைவிக்கு லீவு கிடைக்கவில்லை என்று தனியாக, மூன்று வாரத்துக்கு. தொப்பை இல்லை. நாற்பது வயதுக்குமேல் ஒரு மனிதனுக்குத் தொப்பை இல்லாமல் இருப்பது பக்கத்து வீட்டாரை அவமதிப்பது. என் சைக்கிளைப் பார்த்ததும் அவன் கண் விரிந்தது. "நல்ல வண்டி சகல. ஒரு நாள் ரெண்டு பேரும் போலாம்" என்றான். அவனுக்கு வண்டி? என் மனைவியின் பழைய சைக்கிள் இருந்தது. முன்னால் கம்பிக் கூடை வைத்த பெண்கள் சைக்கிள். "இதே போதும்" என்றான். எனக்கு உள்ளுக்குள் கொட்டு மேளம். இருபத்தொரு கியரும் நானும் ஒரு பக்கம், கூடையும் அவனும் ஒரு பக்கம். இந்தக் கணக்கில் தோற்க முடியாது என்று நினைத்தேன்.

நாள் குறித்ததில்தான் என் புத்தி வேலை செய்தது. அன்றைக்கு எனக்குப் பாடு.

பாடு என்றால் எங்கள் பக்கம் முறை. ஏரியில் இறால் ஓடும் நல்ல இடங்கள் சிலதான். எல்லோரும் அங்கேயே போய் வலை போட்டால் அடிதடிதான் மிஞ்சும். அதனால் சீட்டுக் குலுக்கி, இன்ன நாள் இன்ன இடம் இன்னாருக்கு என்று பிரித்துவிடுவார்கள். அதிலும் முகத்துவாரத்துக்குப் பக்கத்து இடம் கிடைப்பது பெரிய யோகம். அந்த வருடம் எனக்கு ஒரே ஒரு நாள் விழுந்திருந்தது. விதி ஒன்றுதான்: வத்தம் தொடங்கும்போது, அதாவது ஏரித் தண்ணீர் கடலைப் பார்த்து இழுக்க ஆரம்பிக்கும்போது, சீட்டுக்காரன் அந்த இடத்தில் நட்டிருக்கும் குத்துக்கம்பின் பக்கத்தில் வலையோடு நிற்க வேண்டும். அவன் இல்லையென்றால் அவன் சொல்லி அனுப்பிய, கல்யாணமான எங்கள் குப்பத்து ஆண் ஒருவன் நிற்கலாம். யாரும் இல்லையென்றால் அடுத்த சீட்டுக்காரன் இறங்கிவிடுவான். அழுதாலும் அடுத்த வருடம்தான்.

அன்றைக்கு வத்தம் பதினோரு மணிக்கு. "ஆறு மணிக்குக் கெளம்பினா பத்துக்குள்ள திரும்பிடலாம்" என்று நான்தான் சொன்னேன். சுண்ணாம்புக்குளம் பக்கம்வரைக்கும் போய்விட்டு வருவதாகத் திட்டம். மலை ஏறியவனை வெயிலிலும் மணலிலும் ஓட்டிக் களைக்க வைத்து, அதே கையோடு வந்து வலை நிறைய இறாலை வாரி அவன் முன்னால் கொட்டுவேன். ஒரே நாளில் இரண்டு வெற்றி. மனைவி வலையைச் சரிபார்த்துப் படகில் ஏற்றி வைத்திருந்தாள். படகு தள்ள வழக்கமாக வரும் பக்கத்துக் குப்பத்து ஆளுக்கும் சொல்லியாகிவிட்டது. வேறு குப்பம் என்பதால் எனக்குப் பதிலாக நிற்க அவருக்கு உரிமை இல்லை.

"பாடு விழுந்த நாளு அதுவுமா சைக்கிள் எதுக்குயா?" என்றாள் மனைவி.

"பத்துக்கு வந்துருவேன்."

பாலத்திலேயே கதை தெரிந்துவிட்டது. மூன்றாவது கம்பத்தில் நான் இறங்கினேன். கூடை சைக்கிள் என்னைத் தாண்டிப் போயிற்று. எழுந்து நிற்கவில்லை, முக்கவில்லை, ஏதோ தயிர் வாங்கப் போகிறவன்போல உட்கார்ந்தபடியே மேலே போய்ச் சேர்ந்தான். அங்கே நின்று ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தான், எனக்காக. காத்திருப்பவனைப் போலக் காட்டிக்கொள்ளாமல் காத்திருந்தான். அந்த நாசூக்கை எந்த நாட்டில் கற்றானோ.

அதற்குப் பிறகு ஏரிக்கரை ஓரமாகவே வடக்கே போனோம். முள்ளுக்காடு, உப்புமண், தூரத்தில் நாரைக் கூட்டம். அவன் ஒவ்வொன்றையும் பார்த்து "அழகு சகல" என்றான். எனக்கு அவன் முதுகு மட்டும்தான் தெரிந்தது. எட்டே முக்காலுக்கு ஓரிடத்தில் ரோடு ஏரியைச் சுற்றிப் பெரிதாக வளைந்து போயிற்று. கோடையில் வடக்கு ஏரி வற்றிவிடும். வளைவுக்கு நடுவே ஏரித்தரை காய்ந்து, வெடித்து, வெள்ளையாக உப்புப் பூத்துக் கிடந்தது. எதிர்க்கரை கண்ணுக்குத் தெரிந்தது.

"நான் நேரா போறேன். நீ ரோட்டுல சுத்தி வா. யாரு மொதல்ல போறதுன்னு பாக்கலாம்" என்றேன்.

அவன் தரையைக் காலால் அழுத்திப் பார்த்தான். "காஞ்சிருக்கா?"

"தெனம் இந்த ஏரில படகு ஓட்டுறவன் நான். வருசத்துக்கு ஒரு தபா வர்றவன் நீ."

இப்போது யோசித்தால், நான் சொன்னது முழு உண்மை. படகுதான் ஓட்டியிருக்கிறேன். எங்கே ஆழம், எங்கே மேடு, எங்கே துடுப்பு தரை தட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். தண்ணீர் இருக்கும்போது. தண்ணீர் இல்லாத ஏரி எனக்கு அறிமுகமே இல்லாத ஊர். ஆழமில்லாத இடமாகப் பார்த்துத்தான் சைக்கிளைத் திருப்பினேன். படகு தரை தட்டும் அந்த மேடெல்லாம் ஆற்றுச் சேறு வந்து படிந்த மேடு என்பது மேலே ஏறி மிதித்தபோதுதான் உறைத்தது. மேலே அப்பளம், கீழே கூழ்.

நடு ஏரியில் முன் சக்கரம் உள்ளே போயிற்று. இறங்கினேன், நான் உள்ளே போனேன். காலை இழுத்தேன், செருப்பு தங்கிவிட்டது. இன்னொரு காலை இழுத்தேன், முதல் கால் முட்டிவரை போய்விட்டது. தடித்த டயர் ஏரி மண்ணை அள்ளி அப்பிக்கொண்டு உலக்கை மாதிரி நின்றது. அசையாமல் நின்று, யாராவது பார்த்தால் காற்று வாங்குவதுபோல இருக்கட்டும் என்று இடுப்பில் கை வைத்துக்கொண்டேன்.

ஃபோன் அடித்தது.

"சகல, எங்க கீற?"

"வந்துக்கினே கீறேன்."

"நா இந்தக் கரைமேலதான் நிக்கிறேன். நீ வரல. கொறஞ்சினு போற."

ஒரு கையால் ஃபோனைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் சைக்கிளை இழுத்துப் பார்த்தேன்.

"நா உள்ள வரட்டுமா?"

"வராத. நீயும் மாட்டிக்குவ."

"வத்தம் பதினொண்ணுக்குதான? இப்ப ஒம்போதே கால்."

"எங்கிட்டயும் வாட்ச் கீது."

பிறகு மெதுவாகக் கேட்டான்: "நா போயி நிக்கட்டுமா?"

அந்த நேரத்தில் குப்பத்து ஆண்கள் எல்லோரும் கடலில் இருப்பார்கள். ஆண் என்று துறையில் இருப்பது அடுத்த சீட்டுக்காரனும் அவனுடைய சிரிப்பும் மட்டும்தான். சகலை கல்யாணமானவன், குப்பத்துக் கணக்கில் இன்னும் பேர் இருப்பவன், விதிப்படி நிற்கலாம். ஆனால் என் கம்பில், என் வலையைப் பிடித்துக்கொண்டு, அத்தனை பேர் பார்க்க, அவன். வேறு எவனாவது கேட்டிருந்தால் காலில் விழுந்திருப்பேன், ஏற்கெனவே பாதி விழுந்துதான் இருந்தேன். ஒரு வருடத்துக்கு ஒரு நாள். அந்த ஒரு நாளைச் சேற்றில் விடுவதா, சகலையிடம் விடுவதா? சேற்றில் விட்டுவிடலாமா என்றுகூட ஒரு நிமிடம் நினைத்தேன். வெட்கமாக இருந்தாலும் அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

"சரி" என்றேன். வாழ்நாளில் அவ்வளவு கனமான வார்த்தையை நான் தூக்கியதில்லை.

"நாட்டாருக்கு ஒரு ஃபோன் போட்டுச் சொல்லிடு" என்றான். எதிர்க்கரையில் கூடை சைக்கிள் திரும்பியது. இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக நாங்கள் வந்த தூரம் அது. அவன் உடம்பைச் சாய்த்துக்கொண்டு மிதித்த மிதியைப் பார்த்தேன். டிவியில் தெரியாத அந்தக் கால்கள் இப்போது முழுசாகத் தெரிந்தன. முள்ளுக்காட்டுக்குப் பின்னால் மறைகிற வரைக்கும் வேகம் குறையவே இல்லை. நாட்டாருக்கு, அதாவது எங்கள் ஊர்ப் பெரியவருக்கு, ஃபோன் போட்டேன். "உன் வாயால சொல்ட்ட இல்ல, போதும். ஆமா, நீ எங்க கீற?" என்றார். சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டேன்.

கொஞ்ச தூரத்தில், தண்ணீர் தேங்கிய பள்ளத்தில் இரண்டு பெண்கள் உட்கார்ந்து கையால் தடவி இறால் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். நான் வந்ததிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். பேச்சு முடியட்டும் என்று மரியாதைக்குக் காத்திருந்தார்களாம்.

"யோவ், நிக்காத. நின்னா நட்ட கம்பு மாதிரி போயினே இருப்ப. படுத்துக்கோ" என்றாள் பெரியவள்.

"சைக்கிளு?"

"அதயும் படுக்கப் போடு. அதும் மேல நீ படு."

மலை ஏறும் சைக்கிளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கவிழ்ந்து படுத்தேன். கையால் சேற்றைத் துழாவி, தவளை மாதிரி உதைத்து, அங்குலம் அங்குலமாகக் கரைக்கு வந்தேன். சின்னவள் கூடவே பக்கத்தில் கெட்டித் தரையாகப் பார்த்து நடந்து வந்தாள். "இத்த ஏரு ஓட்டத்தான் வாங்கினியா?" என்று மட்டும் கேட்டாள். உதைத்துக்கொண்டே குலசாமியை வேண்டிக்கொண்டேன். என் வலை நிறையணும். கூடவே, அவன் வாந்தி எடுக்கணும். முகத்துவாரத்தில் கடல் அலையும் ஏரித் தண்ணீரும் மோதுகிற இடம், படகு நின்ற நிலையில் ஆடும். அவன் குனிவதை அத்தனை பேரும் பார்க்கணும். இரண்டு வரத்தையும் ஒரே படகில் எப்படி ஏற்றுவது என்று சாமியே குழம்பியிருக்கும்.

கரை ஏறும்போது மணி பத்தரை. மீன் ஏற்றப் போன ஒரு குட்டியானை வண்டியை நிறுத்தினேன். டிரைவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, முன் சீட்டில் துண்டை விரித்தார். எனக்கென்று நினைத்தேன். தன் சாப்பாட்டுப் பையை நகர்த்தி அதில் வைத்துவிட்டு, "பின்னால ஏறிக்க" என்றார். வழியெல்லாம் மீன் ஏற்ற நின்று நின்று, ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே நானும் சைக்கிளும் குப்பத்துக்குப் போய் இறங்கியபோது மணி இரண்டு. சேறு காய்ந்து நான் டச்சுக் கல்லறைச் சிற்பம் மாதிரி இருந்தேன்.

துறையில் கூட்டம். மனைவி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, படகிலிருந்து இறங்கும் கூடைகளை வாங்கி வைத்துக்கொண்டிருந்தாள். கூடை கூடையாக இறால், உயிரோடு துள்ளிக்கொண்டு. சகலை படகின் விளிம்பில் உட்கார்ந்திருந்தான், ஜீன்ஸ் பேன்ட் தொடைவரை நனைந்து, முகம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி. குலசாமி இரண்டையும் கொடுத்துவிட்டது என்று புரிந்தது. எனக்குச் சந்தோஷம் வந்த வேகத்தில் மனைவி சொன்னாள்:

"பத்தே முக்காலுக்கு வந்து குதிச்சாருயா. மூணு தபா வாந்தி எடுத்தாரு. ஒரு தபாகூட வலைய விடல."

மூன்று முறை வாந்தி எடுத்தவன் என்று யாரும் அவனைப் பார்க்கவில்லை. மூன்று முறை வாந்தி எடுத்தும் வலையை விடாதவன் என்று பார்த்தார்கள். அடுத்த சீட்டுக்காரன்கூட அவனுக்குச் சோடா உடைத்துக் கொடுத்தான். நான் கேட்ட வரம்தான், அதையும் தூக்கி அவன் தலையிலேயே கிரீடமாக வைத்துவிட்டார்கள். வாந்தி எடுக்காமல் இருந்திருந்தால் இவ்வளவு நல்ல பேர் வந்திருக்காது.

சாயங்காலம் எங்கள் வீட்டில்தான் படுத்திருந்தான். இறால் தொக்கு வாசனை வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, எலுமிச்சம்பழத்தை உப்பில் தொட்டு நக்கிக்கொண்டிருந்தான். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அவ்ளோ மலை எறங்குறியே, அங்க வாந்தி வராதா?"

"மலை ஆடாதுல்ல."

"இன்னிக்கி கேமரா போட்டுக்கலயா?"

"எங்க சகல. தல சீவக்கூட டைம் இல்ல."

அப்பாடா என்று இருந்தது. அவன் நின்றதற்கு வீடியோ இல்லை. ஆனால் என் ஃபோன் டிங் டிங் என்று அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்துப் பார்த்தேன். குட்டியானையிலிருந்து நான் இறங்கியதை, சைக்கிளை இழுக்கப்போய் ஐஸ் தண்ணீரில் வழுக்கி உட்கார்ந்ததையும் சேர்த்து, துறையில் நின்றபடியே மனைவி படம் எடுத்துக் குழுவில் போட்டிருந்தாள். ஜெர்மனியிலிருந்து மச்சினி சிரித்துச் சிரித்துப் பதினோரு மஞ்சள் முகம் போட்டிருந்தாள். தூத்துக்குடியிலிருந்து ஒரு சித்தப்பா. அந்தக் குழுவில் இருப்பதே எனக்குத் தெரியாதவர்களெல்லாம். அவன் போட்ட எந்த மலைக்கும், எந்த எழுநூறு வருட வீட்டுக்கும் அவ்வளவு வரவேற்பு இருந்ததில்லை. ஒருகணம் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. சகலை எட்டிப் பார்த்துவிட்டு, "இத்தினி பேரு எனக்கு வந்ததே இல்ல சகல" என்றான். அவன் குரலில் கொஞ்சமாவது வயிற்றெரிச்சல் இருக்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். இல்லை. வயிற்றில் எதுவுமே இல்லை அவனுக்கு.

மனைவி கொல்லையில் வலையை அலசிக் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். சைக்கிள் சுவரோரம் சாய்ந்து, கியர் பற்களுக்கு நடுவே ஏரி இறுகிப்போய் நின்றது. நான் ஒரு ஓரத்து வலையைப் பிடித்து உதறிக் கொடுத்தேன். அவள் வாங்கிக் கொடியில் போட்டாள். என்னைப் பார்க்கவில்லை.

"அடுத்த வருசம் சீட்டு விழட்டும். யாரும் எனக்காகப் போயி நிக்க வேணாம். வத்தத்துக்கு ரெண்டு மணி நேரம் முன்னாலயே நான் தொறையில நிப்பேன், பாரு" என்றேன்.

வலையை உதறிக்கொண்டே சொன்னாள்:

"நடந்து போ."